நடந்த சாமி

புங்கடிவலசை
8.7.1991

ராமலெட்சுமிக்கு,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று உச்சிப்புளிச் சந்தையில் புதுமடம் சுஐபு என்னைப் பிடித்துக்கொண்டான். மீன் வண்டி ஓட்டுகிறானே, அவன்தான். "அண்ணே, ஒங்க தங்கச்சி டீச்சரம்மா பாம்பன் பாலத்துல ஓடுறாக. என்னமோ ஏதோன்னு வண்டிய நிறுத்தி ஏறிக்கங்கன்னேன். கையை ஆட்டிட்டு அவுக பாட்டுக்குப் போறாக. யாரும் தொரத்துறாகளான்னு பாத்தா, பின்னாடி ஒரு நாயக்கூடக் காணோம்" என்றான். சந்தையே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

மதுரையிலிருந்து பாம்பன் வரைக்கும் வந்து ஓடத் தெரிந்தவளுக்கு, வழியில் உச்சிப்புளியில் இறங்கி அண்ணன் வீட்டுக்கு வரத் தெரியவில்லை. போகட்டும். ஆகஸ்ட் முதல் வாரம் மலேசியா போகிறாயாமே? நாற்பது வயது தாண்டியவர்களுக்கென்று பந்தயமாம், இருபத்தாறு மைலாம், பேப்பரில் படம் வந்ததாம். அதையும் சுஐபுதான் சொன்னான். கூடப்பிறந்தவனுக்கு மீன் வண்டிக்காரன் சொல்லித்தான் சேதி தெரிகிறது.

சித்திரையில் கல்யாண வீட்டுப் பந்தியில் மயங்கி விழுந்தாயே, மறந்துபோயிற்றா? ராமநாதபுரத்து டாக்டர் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் இரைச்சல் கேட்கிறது, ஓட்டம் சாட்டம் எல்லாம் வேண்டாம் என்று சொன்னபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். நல்லா இருந்த வேல்சாமி அண்ணன் மிளகாய்க் கொல்லையில் களை பறித்துவிட்டு நிமிர்ந்தவர் அப்படியே சாய்ந்தார். முப்பத்தொன்பது வயது. இந்த வீட்டிலிருந்து இன்னொரு பாடை என் கண் முன்னால் போகக்கூடாது. அதற்கு நான் எதையும் செய்வேன்.

செய்தும் விட்டேன். ஆடிக் கடைசிச் செவ்வாயில் எடுக்கிற முளைப்பாரியை இந்த வருஷம் முன்னால் இழுத்துவிட்டேன். ஜூலை முப்பதாம் தேதி காப்புக்கட்டு. அடுத்த செவ்வாய் பாரி. கருப்பு கோயில் சாமியாடி நான் சொன்னால் ஊர் கேட்கும். காப்பில் உன் பெயரையும் சேர்த்திருக்கிறேன். காப்புக் கட்டியவர்கள் பாரி கரைக்கும் வரை ஒரு ராத்திரிகூட ஊர் எல்லைக்கு வெளியே தங்கக்கூடாது என்பது உனக்குத் தெரியும். ஊருக்கு வந்து சேர்.

தனுஷ்கோடி


மதுரை
12.7.1991

பெருமதிப்பிற்குரிய சாமியாடி தனுஷ்கோடி அவர்களுக்கு,

தங்கள் உத்தரவு கிடைத்தது. ஒரு சந்தேகம், தாங்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு, புருஷன் வீடு சரிப்படாது என்று நான் பெட்டியோடு வந்து நின்றேன். அந்த ஆடியில் எனக்கும் ஒரு பாரி போடுங்கள் என்று கேட்டேன். கேட்டது ஒரு மண்சட்டியும் ஒரு பிடி பயறும். ஊர் நடுவில் தாங்கள் என்ன சொன்னீர்கள்? "கட்டிக்குடுத்த பிள்ளைக்கு இங்கன பாரி கெடையாது. அவ ஊருல போயி எடுக்கட்டும்." முருகம்மாள் அண்ணி குனிந்த தலை நிமிரவில்லை. நான் அன்று சாயங்காலமே பஸ் ஏறினேன். பாரிக்கு நான் வெளியூர்க்காரி, காப்புக்கு மட்டும் உள்ளூர்க்காரியா? என் கையில் கட்டாத கயிறு என்னை எப்படிக் கட்டும்?

உச்சிப்புளியில் ஏன் இறங்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதுதான் காரணம்.

என் நெஞ்சைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். நன்றி. தங்கள் நெஞ்சைப் பற்றி யார் கவலைப்படுவது? பாரி கரைக்கும் அன்று கையில் அருவாளோடு கோயிலிலிருந்து கடற்கரை வரைக்கும் எல்லை ஓட்டம் ஓடுகிறீர்களே, அதுவும் வெறுங்காலில், விரதம் இருந்த வயிற்றோடு. அது ஓட்டம் இல்லையா? அய்யா அந்த ஓட்டத்தில்தான் பாதி வழியில் விழுந்து செத்தார். சாமி எடுத்துக்கொண்டது என்று சொல்லி அந்த இடத்தில் கல் நட்டு விளக்கு வைக்கிறீர்கள். அருவாள் வேல்சாமி அண்ணன் கைக்கு வந்தது. அவரும் விழுந்தார். தீட்டுப் பட்டுவிட்டது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தீர்கள். சாமியும் எடுக்கவில்லை, தீட்டும் எடுக்கவில்லை. இரண்டு பேரையும் எடுத்தது நெஞ்சு. மூன்றாவதாக அருவாளை வைத்திருப்பவர் தாங்கள்.

பாலத்தில் ஓடுகிற எனக்குப் புத்தி சொல்லும் முன் தாங்கள் ஒரு டாக்டரைப் பாருங்கள்.

தங்கள் பணிவுள்ள வெளியூர்க்காரி,
ராமலெட்சுமி


புங்கடிவலசை
18.7.1991

ஏய் ராமலெட்சுமி,

எட்டாம் வகுப்போடு நின்றவன்தான் நான். ஆனாலும் நீங்கள் தாங்கள் என்று நீ எழுதியதற்கு அர்த்தம் தெரியாத முட்டாள் இல்லை.

அய்யாவைப் பற்றி இன்னொரு தரம் இப்படி எழுதினால் உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவர் விழுந்தபோது முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை. கையிலிருந்த அருவாள் மண்ணில் படவில்லை, மார்பில் அணைத்தபடி கிடந்தார். ஊரே விழுந்து கும்பிட்டது. அப்படி ஒரு சாவு ராஜாக்களுக்கும் கிடைக்காது. நீ அதை ஆட்டு ஈரல் விற்பது போல நெஞ்சு நெஞ்சு என்று பேசுகிறாய். எல்லை ஓட்டத்தில் ஓடுவது நான் இல்லை. சாமி ஓடுகிறது. நீ ஓடுவது மெடலுக்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காதே.

பாரி விஷயம் ஊர் வழக்கம். நான் உண்டாக்கியது இல்லை.

இன்னொன்று. நீ எப்படியும் வரமாட்டாய் என்று தெரியும். அதனால் உங்கள் ஓட்டப்பந்தயச் சங்கத்துச் செயலாளருக்கு நானே ஒரு கடிதம் போட்டுவிட்டேன். இவளுக்கு இருதய நோய் இருக்கிறது, அதை மறைத்துச் சர்டிபிகேட் கொடுத்திருக்கிறாள், கூட்டிப் போனால் பிணத்தைத்தான் கொண்டுவருவீர்கள் என்று எழுதினேன். என்னை நீ சபிக்கலாம். எனக்கு அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

தனுஷ்கோடி


மதுரை
23.7.1991

அண்ணனுக்கு,

செயலாளர் பள்ளிக்கூடத்துக்கே வந்து உன் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டார். "என்ன டீச்சர், வீட்ல சொத்துத் தகராறா?" என்று கேட்டுச் சிரித்தார். மலேசியா போகிற ஒவ்வொருவர் பேரிலும் சொந்தக்காரர்களிடமிருந்து இப்படி ஒரு மொட்டைக் கடுதாசி வருமாம். நீ பேர் போட்டு எழுதியிருக்கிறாய், அந்த மட்டில் பரவாயில்லை என்றார். என்னை அவர் நீக்கவில்லை. ஆனால் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இருபது வருஷமாக விசில் ஊதிச் சம்பாதித்த மரியாதையை ஒரு தபால் தலையில் தீர்த்துவிட்டாய். இதை நான் மறக்கப் போவதில்லை.

ஆத்திரத்தில் ஒன்று செய்தேன். உன் வாயை அடைப்பதற்காகவே இங்கே பெரிய டாக்டரிடம் போனேன். நெஞ்சுக்குள்ளே இருப்பதைப் படமாகக் காட்டுகிற எக்கோ என்று ஒரு மிஷின் இருக்கிறது. என் நெஞ்சுத் தசை தடித்துப் போயிருக்கிறதாம். ஓடும்போது ரத்தம் வெளியே போக வழி குறுகிவிடுமாம். "எத்தனை வருஷமா ஓடுறீங்க? இதுவரைக்கும் இருந்ததே அதிசயம்மா. இனி நடங்க, ஓடாதீங்க" என்றார். அய்யா கதையையும் அண்ணன் கதையையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இது ரத்தத்துல வர்றது. உயிரோட இருக்கிற கூடப்பிறந்தவர் யாரு? முதல்ல அவரைக் கூட்டிட்டு வாங்க" என்றார்.

அந்தக் கூடப்பிறந்தவன் நீ.

உன்னிடம் கெஞ்ச மாட்டேன். கெஞ்சினால் நீ இன்னும் முறுக்குவாய், அது நம் வீட்டு ரத்தத்தில் வருகிற இன்னொரு நோய். ஒரு பேச்சு வைத்துக்கொள்வோம். ஆகஸ்ட் மூன்றாம் தேதி நாங்கள் மெட்ராஸ் போகிறோம், அங்கிருந்து விமானம். அதற்குள், இந்த வருஷம் எல்லை ஓட்டம் ஓடமாட்டேன் என்று ஒரு வரி எழுது. நானும் பேரை அடித்துவிட்டு வீட்டில் இருக்கிறேன். நீ நடந்தால் நான் நடப்பேன். நீ ஓடினால் நான் ஓடுவேன்.

இந்த மலேசியாவுக்காக நான்கு வருஷம் விடியும் முன் எழுந்து ஓடியிருக்கிறேன். வாழாவெட்டி என்று இந்த ஊர் வைத்த பெயரை என் காலால்தான் அழித்துக்கொண்டிருக்கிறேன். அதை உனக்காகப் போட்டுவிட்டு வருகிறேன் என்கிறேன். யோசித்துப் பதில் எழுது.

ராமலெட்சுமி


புங்கடிவலசை
27.7.1991

ராமலெட்சுமிக்கு,

சாமியை வைத்துப் பேரம் பேசுகிறாய். கத்தரிக்காய் வாங்கும்போதுகூட உனக்கு இவ்வளவு துணிச்சல் வந்ததில்லை.

நாளை மறுநாள் கழித்துக் காப்பு. பந்தல் போட்டாகிவிட்டது, மேளக்காரர்களுக்கு வெற்றிலை பாக்கு வைத்தாகிவிட்டது. இப்போது போய், எனக்கு நெஞ்சு வலிக்கும் என்று மதுரை டாக்டர் சொல்கிறார், அதனால் கருப்பு ஓடமாட்டார் என்று ஊரில் சொல்லச் சொல்கிறாயா? சொன்னால் அப்புறம் நான் இந்த ஊரில் எப்படிக் குடியிருப்பது? பங்காளி மலையாண்டி எப்போது அருவாள் கைமாறும் என்று வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறான். தாத்தா, அய்யா, அண்ணன், நான் என்று வந்தது. உன் பேச்சைக் கேட்டு நான் விடுவதற்கில்லை.

உன் நெஞ்சு தடித்திருக்கிறது என்று உன் கையாலேயே எழுதிவிட்டாய். அதற்குப் பிறகும் ஓடுவேன் என்றால், ஓடு. ஓடிச் சாவு. கொள்ளி வைக்க நான் வரமாட்டேன்.

தனுஷ்கோடி


மதுரை
1.8.1991

அண்ணனுக்கு,

பதில் கிடைத்தது. தெளிவாக எழுதியிருந்தாய்.

போகிறேன். ஏதாவது ஆகிவிட்டால் உனக்குச் சொல்ல வேண்டாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். புங்கடிவலசை எல்லைக்குள் என்னைக் கொண்டுவரவும் வேண்டாம் என்றேன். உன் காப்புக்குப் பங்கம் வரக்கூடாது பார்.

அண்ணியை அன்று உன் பக்கத்திலேயே வரச் சொல். வேறு யாரும் உன்னைத் தாங்கிப் பிடிக்க மாட்டார்கள், விழுந்து கும்பிடத்தான் செய்வார்கள்.

ராமலெட்சுமி


புங்கடிவலசை
7.8.1991

ராமலெட்சுமிக்கு,

நீ போயிருப்பாய். பூட்டிய வீட்டுக்குத்தான் இதை எழுதுகிறேன். தந்தி கொடுக்கலாம் என்று உச்சிப்புளி தபாலாபீஸ் வரை போனேன். மலேசியாவில் எந்த ஊர், எந்த விலாசம் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று பாரி. பொழுது சாயும்போது அருள் வந்தது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகத்தான் வந்தது. உடம்பு முறுக்கியது, அருவாளைக் கையில் கொடுத்தார்கள், பெண்கள் குலவை போட்டார்கள், ஓடினேன். ஊருணி தாண்டிப் பனங்காட்டு வழியில் அய்யா கல் வந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அங்கே உன் கடுதாசி ஞாபகம் வந்தது. நீ ஓடினால் நான் ஓடுவேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி. சாமி வந்தவனுக்குக் கடுதாசி ஞாபகம் வருமா? வந்துவிட்டது. நான் ஓடினால் அவளும் ஓடிச் செத்துப்போவாள் என்று தோன்றியது. வேறு ஒன்றுமே தோன்றவில்லை.

கால் நின்றுவிட்டது. அப்புறம் நடந்தேன்.

பின்னால் வந்த கூட்டம் என் முதுகில் வந்து மோதியது. "ஏலே, சாமி நடக்குதுலே" என்று எவனோ கத்தினான். மேளக்காரர்கள் கொஞ்ச தூரம் ஓட்டத்து அடியையே அடித்துப் பார்த்தார்கள். நடக்கிற சாமிக்கு எப்படி அடிப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். மேளம் இல்லாமல், குலவை இல்லாமல், கடற்கரை வரைக்கும் நடந்தேன். முருகம்மாள் மட்டும் பக்கத்தில் வந்தாள். அவள் அழுததை ஊர் முழுக்கப் பார்த்தது.

கடற்கரையில் ஊர் அம்பலம் பால்சாமி என் கையிலிருந்து அருவாளை வாங்கினார். "கருப்பு ஒன்னய விட்டுப் போயிட்டாருப்பா" என்றார். மலையாண்டி அங்கேயே குளித்துவிட்டு வந்து ஈரத் துணியோடு கையை நீட்டினான். தயாராகத்தான் வந்திருக்கிறான், மாற்று வேட்டியெல்லாம் இருந்தது.

மூன்று தலைமுறைப் பெருமை ஒரு சாயங்காலத்தில் போயிற்று. உன்னால்தான். உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை.

உயிரோடு இருக்கிறாயா? அதை மட்டும் எழுது.

தனுஷ்கோடி


மதுரை
17.8.1991

அண்ணனுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன்.

நேற்று ராத்திரி வந்து கதவைத் திறந்தால் உன் கடிதம் காலில் மிதிபட்டது. படித்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். காலணியைக்கூடக் கழற்றவில்லை. உனக்கு ஒரு காரியம்கூட நேரத்தில் செய்யத் தெரியாதா? ஏழாம் தேதி எழுதியதை முதல் தேதி எழுதியிருந்தால் என்ன? ஊரில் சொல்ல வேண்டாம், எனக்கு மட்டும் இரகசியமாக ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? ஓடிச் சாவு என்று எழுதிவிட்டு, எனக்காக நடந்தாயாம். யார் கேட்டார்கள் அப்படி ஒரு நடையை?

நான் ஓடினேன். சொல்லித்தான் ஆக வேண்டும். அங்கே வெயில் நம்மூர் வெயில் மாதிரி இல்லை, ஈரத் துணியை மூஞ்சியில் போட்டு மூடியது மாதிரி இருக்கிறது. ரோட்டோரத்தில் நம் ஆட்கள் நின்று "விடாதீங்கக்கா" என்று தமிழில் கத்தினார்கள். முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் கண் இருட்டிவிட்டது. பிளாட்பாரத்தில் உட்கார்ந்தேன். நெஞ்சு என் பேச்சைக் கேட்கவில்லை, அது பாட்டுக்குத் தாறுமாறாக அடித்தது. அங்கன உட்கார்ந்து யாரை நினைத்தேன் தெரியுமா? உன்னைத்தான். அருவாளைத் தூக்கிக்கொண்டு நீ ஓடியிருப்பாய், உனக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஊர் உன்னை விழுந்து கும்பிட்டிருக்கும் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் எழுந்து ஓடினேன். ஓடித்தான் முடித்தேன். கழுத்தில் ஒரு மெடல் போட்டார்கள்.

உன்னை நடக்க வைத்துவிட்டு நான் ஓடியிருக்கிறேன். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அந்த எரிச்சலும் உன் மேல்தான் வருகிறது.

இனி உனக்கு அருவாளும் இல்லை, சாக்கும் இல்லை. வந்து அந்த டாக்டரைப் பார். வராவிட்டால் அடுத்த வருஷம் ஜப்பானுக்குப் பேர் கொடுத்துவிடுவேன். இதுவும் மிரட்டல்தான்.

ராமலெட்சுமி


புங்கடிவலசை
5.9.1991

ராமலெட்சுமிக்கு,

போன திங்கட்கிழமை மதுரைக்கு வந்து உன் டாக்டரைப் பார்த்தேன். முருகம்மாளும் வந்தாள். உன் தெரு வழியாகத்தான் பஸ் போனது. நான் இறங்கவில்லை, அவளையும் இறங்க விடவில்லை.

அந்த மிஷினில் படுக்கப் போட்டு நெஞ்சில் எதையோ பசை மாதிரி தடவி வெகுநேரம் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். "ஒண்ணுமே இல்லைங்க. சுத்தமா இருக்கு. நீங்க தாராளமா ஓடலாம்" என்றார். முருகம்மாள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் முதுகில் தட்டிக் கொடுத்தார். அவருக்கு என்ன தெரியும்?

என் நெஞ்சில் ஒன்றும் இல்லை, ராமலெட்சுமி. நான் ஓடியிருக்கலாம். கடற்கரைக்குப் போய்த் திரும்பியும் ஓடி வந்திருக்கலாம். அருவாள் இன்றைக்கு என் வீட்டில் இருந்திருக்கும். இப்போது மலையாண்டி வீட்டில் விளக்கேற்றி வைத்திருக்கிறான். என்னைப் பார்த்தால் டீக்கடையில் பேச்சை நிறுத்துகிறார்கள். சுஐபு மட்டும்தான் பழையபடி பேசுகிறான், அவனுக்குக் கருப்பும் ஒன்றுதான் நானும் ஒன்றுதான். கருப்பு என்னை விட்டுப் போனாரா, நான் அவரை விட்டு வந்தேனா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. எல்லாம் உன் ஒருத்தியின் நெஞ்சுக்காக. நீ அந்த நெஞ்சைத் தூக்கிக்கொண்டு போய் மலேசியாவில் மெடல் வாங்கி வந்திருக்கிறாய்.

ஜப்பானா? பேச்சு வைத்தது நீ. நீ நடந்தால் நான் நடப்பேன் என்று எழுதியது உன் கை. நான் நடந்துவிட்டேன். ஊர் நடுவில், மேளம் நின்றுபோக நடந்தேன். அது வீணாகப் போனதா இல்லையா என்பது இனி உன் காலில் இருக்கிறது. நீ இன்னொரு தரம் ஓடினால் நான் நடந்ததற்கு அர்த்தமே இல்லை. அப்புறம் நான் பைத்தியக்காரன்தான், ஊர் சொல்வதுதான் சரி.

நட. இல்லையென்றால் எனக்கு எழுதாதே.

தனுஷ்கோடி


மதுரை
12.9.1991

அண்ணனுக்கு,

என் தெரு வழியாகப் போய்விட்டு இறங்காமல் போனதை ஒரு நாள் கேட்கத்தான் போகிறேன். அண்ணிக்குப் பசித்திருக்கும்.

உன் நெஞ்சு சுத்தம் என்று படித்த இடத்தில் அழுதேன். அடுத்த வரி படித்ததும் உன் மண்டையை உடைக்க வேண்டும் போல இருந்தது. கெட்ட நெஞ்சு இனி என் ஒருத்திக்குத்தான். சரி, என்னோடு போகட்டும்.

நேற்று செயலாளரைப் பார்த்து ஜப்பானுக்கு என் பெயரை எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் மறுபடியும் எழுதினாரா என்று சிரித்தார். ஆமாம், இந்தத் தடவை எனக்கே எழுதிவிட்டார் என்றேன். நீ ஜெயித்துவிட்டாய். ரொம்பச் சந்தோஷப்படாதே. எனக்குக் கால் நமைச்சல் எடுக்கும்போதெல்லாம் உன்னைத்தான் திட்டுவேன், அது தினமும் எடுக்கும்.

இன்று காலை பள்ளிக்கூட மைதானத்தைச் சுற்றி நடந்தேன். ஓட்டப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் என்னைத் தாண்டித் தாண்டி ஓடினார்கள். முதல் சுற்றில் சும்மா பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் சுற்றில் ஒருத்தி நின்றேவிட்டாள்.

"ஏன் டீச்சர் நடக்குறீங்க? காலுல அடிபட்டிருச்சா?"

"ஆமா."

"யாரு டீச்சர் அடிச்சா?"

"எங்கண்ணன்" என்றேன்.

ராமலெட்சுமி